ஆல்டர் தெருவின் குற்ற விகிதம்

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று முன்கதவில் மூன்றாவது பூட்டும் பொருத்தியாயிற்று. இனி இக்கதவைத் திறப்பதற்கு மேலே ஒரு தாழ்ப்பாள், நடுவே ஒரு திறப்பு, கீழே இன்னொரு திறப்பு. திருட்டுத் தடுப்புக் கையேடு, திறப்பைப் பூட்டிலேயே விட்டுவைக்கக் கூடாது என்கிறது. கட்டடங்களின் தீப்பாதுகாப்பை ஆய்வு செய்வது என் தொழில். அத்தொழிலின் விதியோ, உள்ளே இருப்பவர் திறப்பைத் தேடாமல் வெளியேற வேண்டும் என்கிறது. இரண்டும் சரியான விதிகள். இரண்டுக்கும் இணங்க, கடிதத் துவாரத்தின் வழியே கையை நுழைத்தால் எட்டாத தூரத்தில், ஆனால் கதவுக்கு அருகிலேயே, கொக்கியடித்துத் திறப்புகளை மாட்டினேன்.

என் மனைவி வதனி வேலையிலிருந்து வந்து வாசலில் சிறிது நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

“என்னப்பா, சொந்த வீட்டுக்கை வாறதுக்கும் விசா எடுக்கோணும் போல கிடக்கு,” என்றாள்.

அவளுடைய தகப்பனார், எங்களுடன் வசிக்கும் மாமா, நாற்காலியில் இருந்தபடியே, “நல்ல ஏற்பாடுதான் தம்பி. கள்ளன் உள்ளுக்கை வந்திட்டானெண்டால் வெளியில போக ஏலாது. எங்களோடதான் இருக்கோணும்,” என்றார். அவருக்கு எண்பத்தாறு வயது. கேலிக்கு மட்டும் குறைவில்லை.

கடந்த ஒக்டோபரில், பர்மிங்ஹாமில் உறவுப் பிள்ளை ஒருத்தி பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு மூவரும் போயிருந்த வேளை, பின்கதவை உடைத்துக் கள்வர் வந்தனர். வதனியின் காப்புகளும் என் மடிக்கணினியும் போயின. மேல்மாடியில் எங்கள் படுக்கை விரிப்பில் ஒரு சப்பாத்துக் காலின் அடையாளம் பதிந்திருந்தது. அப்படியோர் அடையாளத்தைப் பன்னிரண்டு வயதில், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், எங்கள் வீட்டுப் பாயில் பார்த்திருக்கிறேன். அது யுத்த காலம், வேறு விடயம். இங்கே எழுத வேண்டியதில்லை.

அன்றிலிருந்து வதனி பயப்படுகிறாள். அவளுக்காகவே இந்த ஏற்பாடுகள். அவளுக்காகவே வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போவதென்றும் தீர்மானித்திருக்கிறேன். நாளை முற்றத்தில் விற்பனைப் பலகை நடுவார்கள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

குற்ற விகிதம் என்பது ஆயிரம் பேருக்கு எத்தனை குற்றங்கள் என்ற கணக்கு. வெறும் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். காவல்துறை மாதந்தோறும் இணையத்தில் இடும் வரைபடத்தைக் கொண்டு, டார்பி நகரின் பகுதிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். நகருக்கு வெளியே புதிதாக எழும்பியிருக்கும் லார்க் ஃபீல்ட்ஸ் குடியிருப்பு எல்லாவற்றிலும் கீழே நிற்கிறது. எங்கள் ஆல்டர் தெரு நடுத்தரம். ஆனால் டிசம்பரிலிருந்து ஏறுமுகம். ஏறுமுகம் என்பதுதான் கவனத்துக்குரியது.

எதிர்வீட்டில் காரி என்பவன் இருக்கிறான். நாற்பத்தைந்து வயதிருக்கும், தனியாள். சனி, ஞாயிறுகளில் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். ‘அறிமுகமற்றோர் நடமாட்டம்’ கையேட்டில் தனித் தலைப்பாகவே இருக்கிறது. டிசம்பரிலிருந்து இரண்டு முறை செய்தது போலவே, இன்றும் விதிப்படி இணையத்தின் வழியாகக் காவல்துறைக்கு அறிவித்தேன்.

பெப்ரவரி 24, திங்கள்

எதிர்வீட்டின் முன் இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிள். அறிவித்தேன்.

மார்ச் 8, சனி

மூவருமாக லார்க் ஃபீல்ட்ஸ் போய்ப் பார்த்து வந்தோம். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு கமரா. நாங்கள் கடக்கக் கடக்க வாசல் விளக்குகள் தாமாக எரிந்து தாமாக அணைந்தன. வீதியில் ஆள் இல்லை. மிக அமைதியான இடம் என்றார் விற்பனை முகவர். உண்மைதான்.

மாமா ஒரு வீட்டின் யன்னலைப் பார்த்துக் கைகாட்டினார்.

“ஆரப்பா அங்கை நிக்கினம்?” என்று வதனி கேட்டாள்.

“ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. ஆரும் நிண்டால் மரியாதை குறைஞ்சு போகுமெல்லே.”

திரும்பி வரும்போது, “உங்களுக்குப் பிடிச்சுக்கொண்டுதோ?” என்று வதனி கேட்டாள்.

“உமக்காகத்தானே பாக்கிறன்.”

“எனக்காக எண்டு ஏன் சொல்லுறியள்? நான் கேட்டனானோ?”

“களவு போன நாளிலயிருந்து நீர் பயப்பிடுறீர்தானே.”

காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் கியரை மாற்றினாள். பிறகு, “ஓமப்பா. நான்தான் பயப்பிடுறன்,” என்றாள்.

ஒப்புக்கொண்டது நல்லது.

மார்ச் 22, சனி

வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. ஜின்சி, அவள் கணவன் பினோய். கேரளத்தவர். இருவரும் பெரிய மருத்துவமனையில் தாதியர். முன்பு பார்க்க வந்த மற்றவர்கள் சமையலறையையும் குளியலறையையும் பார்த்துப் போனார்கள். இந்தப் பெண் வாசலில் நின்று தெருவை இரு பக்கமும் பார்த்தாள். பிறகு ஒரே கேள்விதான் கேட்டாள்: “இரவு வேலை முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து இங்கே நான் தனியே நடந்து வரலாமா?”

காவல்துறையின் வரைபடம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றேன். வேறென்ன சொல்வது. என் மனைவி பயப்படுவதால்தான் விற்கிறேன் என்று சொல்ல முடியாது. அப்படி ஓர் உண்மையைச் சொல்லும் கடமை விற்பவனுக்கு உண்டா என்று சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் மே 23இல் உறுதியாகும். அதுவரை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 5, சனி

பிற்பகல் ஆய்வு ஒன்றை முடித்துவிட்டு வந்தபோது முன்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. மாமாவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கீழே இரண்டு அறைகளையும் பார்த்தேன். மேல்மாடிக்குப் போவது அவசியமில்லை என்று பட்டது. வாசலுக்கு வந்து நின்று வதனிக்கு அழைத்தேன்.

அவள் கடையில் நின்றாள். “அப்பா எதிர்வீட்டுக் கராஜுக்கை இருப்பார். போய்ப் பாருங்கோ. நீங்கள் ஏன் வெளியில நிண்டு கதைக்கிறியள்?”

“உள்ளுக்கை சிக்னல் இல்லை.”

மாமா அங்கேதான் இருந்தார். மடிப்புக் கதிரையில், கையில் தேநீர்க் கோப்பையோடு, ஒரு மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள் காரி கைவிடுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம். அது போதுமானதாக இருந்தது போலும்.

காரி என்னைக் கண்டதும் நிமிர்ந்து, “வா டக், தேநீர் குடிக்கிறாயா?” என்றான். இந்தப் பக்கத்தில் யாரையும் ‘டக்’, அதாவது வாத்து, என்றுதான் அழைப்பார்கள். நம்மூரில் ‘ராசா’ என்பது போல.

“தம்பி, இவன் என்னைத் தாரா எண்டு கூப்பிடுறான்,” என்றார் மாமா. “நானும் அவனைத் தாரா எண்டுதான் கூப்பிடுறன். ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

“மாமா, கதவைத் திறந்து போட்டிட்டு வந்திட்டியள்.”

“மூண்டு பூட்டில எது எதுக்கெண்டு பாத்து முடியத் தேத்தண்ணி ஆறிப்போகும் தம்பி.”

அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். தேநீர் குடிக்கவில்லை. வதனியிடம் இதன் ஆபத்தை எடுத்துச் சொன்னேன். அவள் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே, “எண்பத்தாறு வயசில புதுச் சிநேகிதம் பிடிச்சிருக்கிறார். அதையும் பொலிசுக்கு அறிவிக்கப் போறியளோ?” என்றாள்.

அறிவிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் குறித்து மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஜின்சியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆல்டர் தெருவில் குளிர்காலத்திலிருந்து சம்பவங்கள் கூடியிருப்பதாக வரைபடம் காட்டுகிறதே, காரணம் என்ன என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நூலகத்தில் நேற்றுக் காவல்துறையினருடன் மக்கள் சந்திப்பு நடந்தது. அங்கே வந்திருந்த இளம் பெண் அதிகாரியிடம் இதைக் கேட்டேன். வரைபடத்தில் இருக்கும் புள்ளி, சரியான வாசலைக் காட்டாது என்றாள். ஒரு சுற்றுவட்டாரத்துச் சம்பவங்களை ஒரே புள்ளியில் சேர்த்து வைப்பார்களாம். மூலைக் கடையில் சொக்லேட் திருட்டுப் போனாலும் அது எங்கள் தெருக் கணக்கில் விழுமாம். பிறகு, சமூக அமைதிக்குக் குந்தகம் என்ற தலைப்பில் வருபவை பெரும்பாலும் மக்கள் அறிவிப்பவை என்றும், ஆல்டர் தெருவில் ஒருவர் மிகவும் அக்கறையோடு அறிவித்து வருகிறார் என்றும் சொன்னாள்.

“மிக விரிவாக எழுதுகிறார். அவருக்கு நாங்கள் நன்றியுடையோம்,” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து ஒப்பிட்டேன். ஆறு சம்பவங்கள். ஆறாவது, மூலைக் கடைச் சொக்லேட். மிகுதி ஐந்தும் என் அறிவிப்புகளோடு ஒத்துப்போயின.

வதனிக்குச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் சமையலறைத் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. “அப்போ எங்கட தெருவில ஒரேயொரு குற்றவாளி நீங்கள்தான்,” என்றாள். இதை மாமாவிடம் உரக்க எடுத்துச் சொல்லவும் செய்தாள்.

வாங்குபவருக்கு உண்மையை எழுதுவது கடமை. அறிவிப்புகள் ஐந்தும் நான் செய்தவை; அவற்றில் எந்த ஒன்றிலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை; ஒக்டோபர்த் திருட்டைத் தவிர, இத்தெருவில் பதினொரு ஆண்டுகளில் எங்களுக்கு எவராலும் தீங்கு நேரவில்லை. இதை எழுதி அனுப்பினேன். சற்று நேரத்தில், மிக்க மகிழ்ச்சி, இனிக் கவலையில்லை என்று பதில் வந்தது.

அதன்பிறகும் நான் எழுதியதையே திரும்ப வாசித்தபடி மேசையில் இருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.

ஏப்ரல் 30, புதன்

மாமா இன்று காலை காலமானார். வதனி அருகில் இருந்தாள். நான் வாகனத் தரிப்பிடத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

மே 1, வியாழன்

இறுதிக்கிரியை மே 12ஆம் திகதி, திங்கள். வதனியின் அண்ணர் ஸ்ரீகரன் டொரன்டோவிலிருந்து வருகிறார், கொள்ளி வைப்பது அவர்.

மரண அறிவித்தல் எழுதுவதற்குத் தமிழ்ச் சங்கத்துக் குகதாசன் வந்திருந்தார். அவர் எழுதி வந்ததில் ‘டார்பியில் காலமானார்’ என்று மட்டும் இருந்தது. அறிவித்தல் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்றேன். வீட்டு இலக்கம், தெரு, அஞ்சல் குறியீடு, மண்டபத்தில் கிரியை தொடங்கும் நேரம், தகனம் முடியும் நேரம், எல்லாவற்றையும் நானே சேர்த்துக் கொடுத்தேன். இணையத்திலும் தமிழ் வானொலியிலும் போய்விட்டது.

பின்னேரம் முதலாவது ஆட்கள் வந்தபோது நான் கொக்கியிலிருந்து திறப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வதனி வந்து அவற்றை என் கையிலிருந்து வாங்கினாள்.

“இனி இந்தக் கதவு சாத்துறேல்லை.”

“வதனி, இது இங்கிலாந்து.”

“செத்தவீட்டுக்கு ஒருத்தரும் பெல் அடிச்சு வாறேல்லையப்பா. எந்த நாடெண்டாலும்.”

படுக்கப் போகும்போது மட்டும் பூட்டுவதென்று இணக்கம் கண்டோம்.

மே 3, சனி

சாவு நடந்த நாளிலிருந்து வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது. யார் கொண்டுவந்த சட்டி எதுவென்று தெரியவில்லை. நான் பெயர் எழுதி ஒட்டத் தொடங்கினேன், வதனி தடுத்துவிட்டாள். வாசலில் சப்பாத்துகள் குவிந்திருக்கின்றன. நான் அறிந்தவர்கள் பாதி, அறியாதவர்கள் பாதி. யாரும் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. வந்து, படத்துக்கு முன்னால் நின்று, வதனியின் கையைப் பிடித்து, பிறகு அமர்ந்து மாமாவைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

பின்னேரம் காரி வந்தான். தெருவோரப் படலையைத் திறந்து நின்று சப்பாத்துக் குவியலைப் பார்த்தான். குனிந்து தன் கனத்த சப்பாத்துகளையும் கழற்றி வைத்தான். காலுறைகள் இரண்டும் இரண்டு நிறம். மாமாவின் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றான்.

“எத்தனை பேர் வருவார்கள்?” என்று என்னிடம் கேட்டான்.

“தெரியாது. யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. சாவுக்கு அழைப்பதில்லை.”

“அழைக்காமலே வருவார்களா?”

“வருவார்கள்.”

“அப்படியென்றால் உன்னிடம் கதிரை போதாது,” என்றான். ஒரு மணித்தியாலம் கழித்து, தான் போகும் கழகத்திலிருந்து மடிப்புக் கதிரைகளைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

மே 6, செவ்வாய்

இன்று ஒரு பெரும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பிழை என்னுடையது.

குகதாசன் கதிரைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அண்ணை, போன மாசம் லெஸ்டர்ப் பக்கம் ஒரு செத்தவீடு. எல்லாரும் சுடலையில நிக்கேக்கை கள்ளர் வந்து வீட்டைத் துடைச்சுப் போட்டாங்கள். நோட்டீசைப் பாத்திட்டுத்தான் வாறாங்களாம்.” பிறகு சற்று நிறுத்தி, “அதிலயெண்டால் போஸ்ட் கோட்டும் இல்லை,” என்றார்.

இந்த வீடு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை வெறுமையாக இருக்கும் என்பதை உலகத்துக்கே துல்லியமாக அறிவித்திருக்கிறேன். இணையத்தில் திருத்தலாம். வானொலியில் மூன்று முறை வாசித்தாயிற்று.

மே 7, புதன்

தீர்வு கண்டேன். பன்னிரண்டாம் திகதி கிரியைக்கு நான் போவதில்லை. வீட்டில் இருப்பேன். கொள்ளி வைக்க ஸ்ரீகரன் இருக்கிறார், மருமகன் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வதனிக்குச் சொன்னேன். அவள் மாமாவின் படத்தடிக்குப் போனாள். விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்து எதிரே இருந்தாள்.

“அப்பாவைப் பெட்டிக்கை வைச்சு எடுத்துக்கொண்டு போகேக்கை, நீங்கள் இஞ்ச இருந்து கமராவைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறியளோ?”

“யாராவது ஒருத்தர் இருக்கத்தானே வேணும்.”

“எனக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?”

அவள் எழுந்து போய்விட்டாள். இரவு ஸ்ரீகரன் வந்து இறங்கியபோதுதான் மீண்டும் அவள் குரல் கேட்டது.

மே 8, வியாழன்

குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனபோது காரி தெருவைக் கடந்து வந்தான். வதனி சொல்லியிருக்க வேண்டும்.

“நான் உன் வீட்டில் இருக்கிறேன். நீ போய்விட்டு வா,” என்றான்.

நன்றி, தேவையில்லை என்றேன்.

“நீதான் என்னைப் பற்றிக் காவல்துறைக்கு எழுதினாய் என்று எனக்குத் தெரியும், டக். அதிகாரி பெயர் சொல்லவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளை எத்தனை மணிக்கு இயக்கினேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று எழுதக்கூடியவன் இந்தத் தெருவில் நீ ஒருவன்தான்.”

நான் குப்பைத்தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். விளக்கம் சொல்ல முற்பட்டேன். அவன் கையை அசைத்தான்.

“என் அம்மாவின் கடைசி நாளில் நான் வேலைக்குப் போய்விட்டேன். அதற்கும் நல்ல காரணம் இருந்தது. காரணம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.” பிறகு, “கிழவர் எனக்கும் சிநேகிதர். எனக்குக் கோட்டு சூட்டு இல்லை, மண்டபத்துக்கு வர விருப்பமும் இல்லை. ஏதாவது செய்ய விடு,” என்றான்.

மே 11, ஞாயிறு

நாளைக்கான ஆடைகளை எடுத்து வைத்தேன். என்னுடைய வேட்டியையும்.

மே 12, திங்கள்

காலையில் காரி வந்தான். வதனி அவனுக்கு மாமாவின் படத்தடி விளக்கைக் காட்டி, அது அணையக் கூடாது என்றாள். நான் பூட்டுகளின் வரிசையை விளக்கத் தொடங்கினேன்.

“எனக்கு அது தேவைப்படாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் இருக்கப் போகிறேன்,” என்றான். “திறந்த வீட்டில் ஆள் இருப்பது தெரியும். பூட்டிய வீட்டில்தான் ஆள் இல்லை என்று தெரியும்.”

வாதத்தில் குறை காண முடியவில்லை.

மண்டபத்தில் உரலில் சுண்ணமிடிக்கும் சடங்கைச் செய்தார்கள், தேவாரம் பாடினார்கள். வாய்க்கரிசி போடும்போது வதனியின் கையை நான் பிடித்துக்கொண்டேன். பெட்டி உள்ளே போனபோது அவள் முழுப் பாரத்தையும் என்மேல் சாய்த்தாள். அந்த நேரத்தில் வீட்டைப் பற்றி எண்ணினேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எண்ணவில்லை. மாமா வெறும் யன்னலுக்குக் கைகாட்டியதை எண்ணினேன். அழுதேன். பலர் பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது எல்லா யன்னல்களும் திறந்திருந்தன. வாசலில் காரி மட்டுமல்ல. மூலைக் கடைக்கார நசீரும், கோடிவீட்டு வயோதிபத் தம்பதியும், நான் முகம் மட்டுமே அறிந்த இருவரும் கழகத்துக் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். தரை கழுவியிருந்தது. சாவீட்டிலிருந்து உடலை எடுத்தால் வீடு கழுவ வேண்டும் என்று வதனி எப்போதோ சொன்னதை யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே உடல் வீட்டுக்கு வரவே இல்லை. ஆனாலும் கழுவியிருந்தார்கள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் முடிந்துவிட்டதாம். காரி தன் வீட்டு ஒலிவ் எண்ணெயை விட்டிருக்கிறான்.

“பிழையா?” என்று வதனியைக் கேட்டான்.

“அப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் இருந்தது. அதுதான் நல்லது,” என்றாள் அவள், ஆங்கிலத்தில். பிறகு அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

கைகால் கழுவிக்கொண்டு வந்த பிறகு காரி என்னைத் தனியே அழைத்தான். நாங்கள் போய்ச் சற்று நேரத்தில் ஒரு வெள்ளை வான் மெதுவாக வந்ததாம். இருவர் இறங்கி, மீற்றர் வாசிக்க வந்தோம் என்றார்களாம். எந்தக் கம்பனி என்று நசீர் கேட்டாராம். வயோதிப மாது தேநீர் வேண்டுமா என்று கேட்டாளாம். ஏறிப் போய்விட்டார்கள். வானின் இலக்கத்தைக் காரி தன் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தான்.

காவல்துறைக்கு அறிவித்தேன். இது என் ஆறாவது அறிவிப்பு. சாட்சி என்ற இடத்தில் காரியின் பெயரை எழுதினேன். அவனே எழுத்துக்கூட்டிச் சொன்னான்.

மே 14, புதன்

அதே பெண் அதிகாரி வந்து காரியிடமும் நசீரிடமும் வாக்குமூலம் எடுத்துப் போனாள். அந்த வானைப் பற்றி வேறு இரண்டு இடங்களிலிருந்தும் தகவல் இருக்கிறதாம்.

மே 19, திங்கள்

ஒப்பந்தத்துக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. சட்டத்தரணி கையொப்பத்துக்கான தாள்களை அனுப்பியிருந்தார். மேசையில் வைத்துப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

வீட்டை விற்பதற்கான காரணம் வதனியின் பயம். ஆகவே கையொப்பம் இடுவதற்கு முன் அதை உறுதிப்படுத்திக்கொள்வது முறை. அவள் மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வதனி, நீர் இப்பவும் பயப்பிடுறீரோ?”

“நான் எப்பயப்பா பயந்தனான்?”

“காரில சொன்னீரே. நான்தான் பயப்பிடுறன் எண்டு.”

அவள் சட்டையை மடியில் வைத்தாள். “நீங்கள் தனியப் பயப்பிடக் கூடாதெண்டு, துணைக்குப் பயந்தனான்,” என்றாள்.

நான் அவளருகே இருந்து மிகுதிச் சட்டைகளை மடிக்க உதவினேன். மாலையில் ஜின்சிக்கு அழைத்தேன்.

மே 20, செவ்வாய்

வீட்டை விற்கவில்லை என்றதில் ஜின்சிக்குக் கோபம், அது நியாயமானது. இரண்டு மாதங்களாகக் காத்திருந்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வீட்டைவிட உங்கள் தெருவைத்தான் எங்களுக்குப் பிடித்தது, நீங்கள் எழுதிய மின்னஞ்சலைப் பினோயின் அம்மாவுக்குக்கூட வாசித்துக் காட்டினோம் என்றாள்.

யோசித்தேன். கோடிவீட்டுத் தம்பதி மகனுடன் போய் இருக்க நினைப்பதாக அன்று கதிரையில் இருந்தபோது சொன்னார்கள். இன்னும் முகவரிடம் கொடுக்கவில்லை. போய்க் கேட்டேன். கேட்டுவிட்டு ஜின்சிக்குத் திரும்ப அழைத்தேன். நாளை வந்து பார்க்கிறார்கள். அந்த வீடு பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் கிட்ட.

மே 30, வெள்ளி

மாமாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. ஐயர் காலையில் வந்து கிரியைகளை முடித்தார். மதியம் தெருவுக்கே சாப்பாடு. காரி கையால் சாப்பிடப் பழகுகிறான், சாம்பார் முழங்கை வரை வந்துவிட்டது. “இவனுக்குக் கோப்பையில ஊத்திக் குடுங்கோ,” என்றார் ஸ்ரீகரன். மாமா இருந்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருப்பார்.

விற்பனைப் பலகையை இன்று எடுத்துக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் புல் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

காரி ஒரு வாரம் கடற்கரைக்குப் போயிருக்கிறான். போகும் முன் எங்கள் வீட்டு வாசலில் நின்று தன் திறப்பை என் கையில் வைத்தான். கராஜுக்குப் பின்னால் தக்காளிச் செடிகள் இருக்கின்றன, நாளுக்கு ஒருமுறை தண்ணீர், அவ்வளவுதான் என்றான். காப்புறுதி பற்றியும், ஏதும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது பற்றியும் கேட்டேன். “உன்னுடையதுதான், டக்,” என்று சொல்லிவிட்டு வானில் ஏறினான்.

இன்று முதன்முறையாக அவன் வீட்டுக்குள் போனேன். எண்ணெய் நாற்றம் அடிக்கும், ஒழுங்கில்லாத வீடு. வெளியேறும் வழியில் இரண்டு டயர்கள் கிடந்தன. தீ விதிப்படி அது தவறு. அவற்றை ஓரமாக நகர்த்தினேன். மேல்மாடியில் ஒரு யன்னல் திறந்திருப்பதாகப் பட்டது. ஏறிப் போய்ப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. சாத்தினேன்.

அந்த யன்னலிலிருந்து எங்கள் வீடு தெரிந்தது. பதினொரு ஆண்டுகளில் அதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. நான் எண்ணியிருந்ததைவிடச் சிறிய வீடு. வதனி வெளியே வந்தாள். தெருவின் கோடியிலிருந்து ஜின்சி வேலைச் சீருடையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். கோடிவீட்டுக்கு இன்னும் குடிவரவில்லை, அளவெடுக்க வருகிறாள். இருவரும் படலையடியில் நின்று எதையோ பேசிச் சிரித்தார்கள். பிறகு வதனி அவளுடன் கோடிவீட்டுப் பக்கம் நடந்தாள். எங்கள் முன்கதவு அகலத் திறந்தபடி இருந்தது.

கண்ணாடியில் கையை வைத்து நின்றேன். தொலைபேசி சட்டைப்பையிலேயே இருந்தது. தெருவில் ஒருவர் நாயோடு போனார். நசீரின் கடையில் யாரோ பெட்டிகளை இறக்கினார்கள். கதவு அப்படியே இருந்தது.

தக்காளிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவன் அதைச் செய்யாமல் நிற்பது முறையல்ல. கீழே இறங்கிப் போனேன்.